பதினேழாம் மனையின் மட்டம்

உட்காருங்க அக்கா. புரோக்கர் பத்து நிமிஷம் என்றால் அரை மணி நேரம். அதற்குள் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர் சொன்னதை நம்பிவிடாதீங்க. கடைசி வீட்டில் பேய் இருக்கிறது என்றுதானே சொன்னார்? போன மாதம் வீடு பார்க்க வந்தவர்களிடம் தூக்கு என்றாராம். அதற்கு முன்னால் வந்தவர்களிடம் பாம்பு என்றாராம். ஒரே பொய்யை ஒழுங்காக வைத்துக்கொண்டாலாவது நாமும் மறுத்துப் பேசலாம்.

பேயும் இல்லை, தூக்கும் இல்லை. நான் புவியியல் முதுகலை இரண்டாம் வருஷம். பல்கலைக்கழகப் பட்டிமன்றத்தில் மூன்று வருஷம் தொடர்ந்து கோப்பை வாங்கியவள். பேய் இருக்கிறது என்று யாராவது சொன்னால் எந்த மேடையிலும் ஏறி மறுப்பேன். அந்த வீட்டில் இருந்த அம்மா போன கார்த்திகை மழையில் தண்ணீரில் இறந்துபோனார். அவ்வளவுதான். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், கேட்டுவிட்டு நீங்களே முடிவு பண்ணுங்க. நல்ல வீடு. யாராவது குடிவந்து சாயங்காலம் அங்கே ஒரு விளக்கு எரிந்தால் போதும் என்று எனக்கும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன்.

வரும்போது இந்தத் தெருவைக் கவனித்தீங்களா? மெயின் ரோட்டிலிருந்து இறங்கிக்கொண்டே வரும். சைக்கிளில் மிதிக்காமலே எங்கள் வீடு வரை வந்துவிடலாம். பதினாறு வீடு. பதினாறு வீட்டு மழைத்தண்ணீரும், சொல்லப்போனால் குளிக்கிற தண்ணீரும், தெருவோடு ஓடிக் கடைசியில் பதினேழாம் மனை வழியாகச் சதுப்பில் போய் விழும். அந்த மனை பதினைந்து வருஷம் காலியாகக் கிடந்தது. நாங்கள் அதை மனை என்றே நினைக்கவில்லை. அதற்கு ஒரு பட்டா இருக்கிறது, பட்டாவில் ஒரு பெயர் இருக்கிறது, அந்தப் பெயருக்கு உரியவர் பஸ்ஸில் நின்றுகொண்டே உழைத்து அதை வாங்கிப் போட்டிருக்கிறார் என்பதெல்லாம் அவர் வந்து நின்ற அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

தேசிங்கு என்று பெயர். ஓய்வு பெற்ற கண்டக்டர். மனைவி அஞ்சலாட்சி. ஒரே மகளைப் பண்ருட்டியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். முந்தைய வருஷம் மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வந்து மனையின் நாலு மூலையிலும் கல் நட்டு, மஞ்சள் குங்குமம் வைத்து, வீடு வீடாகச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டோம். அதைச் சாப்பிட்டுக்கொண்டே அப்பா கேட்டார், இனிமேல் நம்ம தண்ணி எங்கே போகும் என்று. மத்தியானத்துக்குள் அந்தக் கேள்வி பதினாறு வீட்டுக்கும் போய்விட்டது.

எனக்கு அந்தக் கவலை மட்டும் இல்லை அக்கா. எனக்குச் சதுப்பு முக்கியம். என் ஆய்வேடே அதைப் பற்றித்தான். அந்தக் கோரைக்குள் நீலத் தாழைக்கோழி குஞ்சு பொரிக்கும். மழை பெய்தால் இந்த வட்டாரத்துத் தண்ணீரையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக விடுகிற இடம் அது. அதன் வாயில் கொண்டுபோய் ஒருவர் வீடு கட்டினால் சும்மா இருக்க முடியுமா? அலுவலகத்தில் அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்றார்கள். தண்ணீர் அனுமதிக் கடிதம் படிக்குமா என்று கேட்டேன்.

மறு வாரம் லாரி வந்தது. எங்கோ இடித்த கட்டடத்தின் கல்லும் மண்ணும். நாலடி உயர்த்தி, அதன் மேல் வீடு கட்டப்போகிறோம் என்றார் முனிரத்தினம் மேஸ்திரி. நான் போய் லாரிக்கு முன்னால் நின்றேன். சதுப்பு ஓரத்தில் ஒரு கூடை மண் கொட்டினாலும் குற்றம் என்றேன். யாரோ படம் பிடித்தார்கள், அது நிறைய பேரிடம் போனது. தேசிங்கு சார் வேகமாக நடந்து வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்து நான் அடுத்த வாதத்தைத் தயார் பண்ணிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது இதுதான்:

"பாப்பா, டிரைவர் காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல. அவரைச் சாப்பிட அனுப்பிட்டு நாம பேசலாமா?"

லாரி திரும்பிப் போனது. நான் ஜெயித்தேன்.

எங்கள் வீடும் நாலடி உயரத்தில்தான் இருக்கிறது, ஆறு படி ஏறித்தானே வந்தீங்க, பார்த்திருப்பீங்க. இந்தத் தெருவில் எல்லா வீடும் அப்படித்தான். புதிதாகக் கட்டுகிறவர் பக்கத்து வீட்டைவிட ஒரு சாணாவது ஏற்றிக் கட்டுவார், அது இங்கே வழக்கம். ஆனால் நாங்கள் கட்டியபோது நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். லாரி லாரியாக மண் வந்து விழுந்தது, அதன் மேல் ஏறி நின்று விளையாடினேன், அவ்வளவுதான் ஞாபகம். அப்போது இதைச் சதுப்பு என்று யாரும் சொன்னதில்லை. அதையும் இதையும் ஒன்றாக வைத்துப் பேசக்கூடாது.

அடுத்த ஞாயிறு தெருச் சங்கக் கூட்டம் என்று முடிவானது. தலைவர் வரதராஜு மாமா வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில். நான் வெறும் வாயோடு போகிறவள் இல்லை. அளந்துகொண்டு போனேன். எங்கள் வீட்டு எதிரே மின்கம்பத்தில் ஒரு சிவப்புக் கோடு இருக்கிறதே, அதுதான் பெரிய வெள்ளம் வந்த வருஷம் தண்ணீர் நின்ற உயரம். அந்த மட்டம் பதினேழாம் மனையில் எங்கே வரும் என்று தெரிந்துவிட்டால், வீட்டை எவ்வளவு உயர்த்தினால் போதும் என்பது தெரிந்துவிடும். மேஸ்திரிகள் இதற்குக் கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற ஒரு குழாய் வைத்திருப்பார்கள். நீளமான பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணீர். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். ஒரு முனையைக் கோட்டில் வைத்துப் பிடித்தால் மறுமுனை எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் அதே மட்டத்தைக் காட்டும். முனிரத்தினம் மேஸ்திரியின் குழாயையே கேட்டு வாங்கி, கம்பத்தில் ஆரம்பித்து, இடையில் மூன்று இடத்தில் குறி வைத்து, கடைசி வரை கொண்டுபோனோம். ஒரு முனையில் அவர், மறுமுனையில் நான்.

கடைசிக் குறி வைக்கும்போது அவர், "குழாய்ல காத்து இருக்கு பாப்பா, எடுத்துட்டு இன்னொரு தரம் பாத்துடலாம்" என்றார். கூட்டம் ஆரம்பிக்கப் பத்து நிமிஷம் இருந்தது. இந்தக் குமிழியால் என்ன வந்துவிடப்போகிறது என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். பட்டிமன்றப் பெண்ணிடம் யார் வாயைக் கொடுப்பது என்று நினைத்திருப்பார்.

பத்து அங்குலம். பெரிய வெள்ளமே வந்தாலும் பதினேழாம் மனையில் சாலைக்கு மேலே பத்து அங்குலம்தான் வரும். அதனால் ஓரடி உயர்த்தினால் போதும், நாலடி வேண்டியதில்லை. கூட்டத்தில் இதை எண்ணோடு சொன்னேன். எண்ணோடு சொன்னால் எப்படி அமைதியாகிவிடுகிறார்கள் தெரியுமா?

அஞ்சலாட்சி அம்மா மட்டும் அமைதியாகவில்லை. பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் எழுந்தே நின்றார்.

"பேச்செல்லாம் நல்லா இருக்கு. உங்க வீட்டுக்கு எத்தனை லோடு மண்ணு அடிச்சீங்க கண்ணு?"

அப்பா தரையைப் பார்த்தார். வரதராஜு மாமா தொண்டையைச் செருமினார். நான்தான் எழுந்தேன். முன்னால் நடந்த தவறு பின்னால் நடக்கப்போகிற தவறுக்கு அனுமதிச் சீட்டு ஆகாது அம்மா, பதினாறு பேர் தவறு செய்துவிட்டார்கள் என்பதற்காகப் பதினேழாவது பேரும் செய்யலாம் என்றால் இந்தச் சதுப்பில் மிச்சம் என்ன இருக்கும் என்றேன். கை தட்டினார்கள். பதினாறு வீட்டுக்காரர்களும் தட்டினார்கள். நான் பேசியதிலேயே நல்ல பேச்சு அது. இன்றைக்கும் அதில் ஒரு சொல்லை மாற்ற மாட்டேன்.

மூன்று நிபந்தனை. மூன்றையும் நான்தான் எழுதினேன். ஒன்று, மனையில் மண் கொட்டக் கூடாது, வீடு சாலையிலிருந்து ஓரடிக்கு மேல் உயரக் கூடாது. இரண்டு, வடபக்கம் மூன்றடி அகலத்துக்கு வாய்க்கால் விட வேண்டும், தெருத் தண்ணீர் அதன் வழியே சதுப்புக்குப் போகும். மூன்று, மழைக்காலத்தில் அந்த வாய்க்காலின் வாய் அடைத்துக்கொள்ளாமல் மனைக்காரர் பார்த்துக்கொள்ள வேண்டும். கையெழுத்துப் போடாவிட்டால் வழக்குப் போடுவோம், நாலு வருஷம் இழுக்கும் என்று வரதராஜு மாமா மரியாதையாகவே சொன்னார். தேசிங்கு சார் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். போடுவதற்கு முன்னால் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இருபத்தெட்டு வருஷம் படியில நிக்காதே, படியில நிக்காதேன்னு கத்தினேன் பாப்பா. இப்ப நிக்கறதுக்குப் படியே இல்லாத வீடு கட்டச் சொல்ற."

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். விரோதமாகவெல்லாம் முடியவில்லை அக்கா, அதுதான் சொல்கிறேன்.

ஆவணியில் குடிவந்தார்கள். அஞ்சலாட்சி அம்மா எனக்குப் பட்டிமன்றம் என்றே பெயர் வைத்துவிட்டார். நான் கல்லூரிப் பஸ்ஸைப் பிடிக்க ஓடினால், "ஏ பட்டிமன்றம், இன்னிக்கு எந்தக் கட்சி?" என்று ஜன்னலிலிருந்து குரல் வரும். வாய்க்கால் அவர்கள் சமையலறைக்குப் பக்கத்திலேயே ஓடும். உங்க தெருவில் யார் எந்தச் சோப்புப் போட்டுக் குளிக்கிறீர்கள் என்று எனக்கு வாசனையிலேயே தெரியும், உங்க வரதராஜு சந்தன சோப்பு, ஆனால் தினமும் இல்லை என்பார். கருவாட்டுக் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் எங்கள் வீட்டுக்கு வரும். வாசலில் நின்றபடி கொடுத்துவிட்டுப் போவார். உள்ளே வாங்க என்றால், இந்த மலையை எவன் ஏறுவான் என்று எங்கள் படியைக் காட்டிச் சொல்வார்.

ஐப்பசி கடைசியில் அவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. வாய்க்கால் ஓரத்துப் பாசியில் வழுக்கிவிட்டார். அதற்கும் வாய்க்காலுக்கும் சம்பந்தம் இல்லை, செருப்பு தேய்ந்துபோயிருந்தது, நானே பார்த்தேன். ஆபரேஷன் பண்ணி அனுப்பினார்கள். ஆறு வாரம் எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முன்ரூமில், ஜன்னல் ஓரமாக, ஒரு தாழ்வான பலகைக் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். தெருவைப் பார்த்துக்கொண்டாவது கிடக்கட்டும் என்று.

இனி அந்த நாள். செவ்வாய்க்கிழமை. முதல் நாள் மத்தியானம் பிடித்த மழை விடவில்லை. கரண்ட் இல்லை. காலை பத்து மணி இருக்கும், தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. ஓடாமல் நின்றது, அதுதான் விஷயம். வாய்க்கால் வாயில் தெர்மோகோல், தென்னமட்டை, பிளாஸ்டிக் கவர் எல்லாம் போய் அடைத்துக்கொண்டிருந்தது. கணுக்கால் முழங்கால் ஆனது. பன்னிரண்டாம் நம்பர் வீட்டில் மோட்டார் பெட்டிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. வரதராஜு மாமா தேசிங்கு சாருக்குப் போன் போட்டார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும், பக்கத்தில் நின்ற அப்பா சொன்னார். மூன்றாவது நிபந்தனை ஞாபகம் இருக்கா சார் என்று கேட்டிருக்கிறார்.

தேசிங்கு சார் வந்தார். தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு, கையில் கடப்பாரை. வரும்போது வீட்டுக் கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்திருக்கிறார், காற்றில் கதவு அடித்துக்கொண்டு சாரல் உள்ளே போகிறது என்று. நான் எங்கள் மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தனியாளாக அவர் அத்தனையையும் இழுத்து வெளியே போட்டார். திடீரென்று அடைப்பு விட்டது. அக்கா, அந்தத் தண்ணீர் கிளம்பியதே, அதைப் பார்க்க வேண்டும். பதினாறு வீட்டுத் தண்ணீரும் ஒரே ஓட்டமாக வாய்க்காலில் இறங்கியது. ஒவ்வொரு மாடியிலும் ஆட்கள் நின்று கை தட்டினார்கள். கால் மணி நேரத்தில் தெரு தெரிந்தது. தார் தெரிந்தது.

நான் போனை எடுத்துப் படம் பிடித்தேன். நாலு நிமிஷம் பன்னிரண்டு விநாடி. என் குரலும் அதில் இருக்கிறது. பாருங்கள், ஒரு மூன்றடி வாய்க்கால் ஒரு தெருவையே காப்பாற்றுகிறது, இதைத்தான் நாம் கேட்டோம் என்று பேசியிருக்கிறேன். உடனே தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கை தட்டுகிற படமாக வந்து குவிந்தது.

சதுப்பு ஏற்கெனவே நிறைந்திருந்தது. நாங்கள் அனுப்பிய தண்ணீரை அது வாங்கிக்கொள்ளவில்லை. வாய்க்காலுக்கும் சதுப்புக்கும் நடுவில் இருந்த ஒரே பள்ளம் அந்த வீடு. தேசிங்கு சார் திரும்பவும் அடைத்துக்கொள்ளப் போகிறது என்று வாயிலேயே நின்றுகொண்டிருந்தார், வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. இருபத்தெட்டு வருஷம் எஞ்சின் பக்கத்தில் நின்ற காது, மழை வேறு. அவர் திரும்பிப் போனபோது கதவைத் தள்ளித் திறக்க முடியவில்லை. உள்ளே தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தது.

கட்டிலுக்கு மேல் நாலு விரல் அளவுதான் தண்ணீர் என்றார்கள். எழுந்து உட்கார முடிகிறவருக்கு அது ஒன்றுமே இல்லை.

ஒரு கை ஜன்னல் கம்பியில் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். யாராவது என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன் அக்கா. யாரும் கேட்கவில்லை. அவருடைய மகள் வந்து கதறினாள், கடவுளைத் திட்டினாள், மழையைத் திட்டினாள், டாக்டரைத் திட்டினாள். என்னைப் பார்த்து, நீ நல்லா இரும்மா, அம்மா உன்னைப் பத்தி நிறைய சொல்லும் என்றாள். பொங்கல் விழாவில் வரதராஜு மாமா எனக்குப் பொன்னாடை போர்த்தினார். தெருவைக் காப்பாற்றிய பெண் என்று மைக்கில் சொன்னார். ஒருவராவது எதிர்த்து எழுந்திருக்க வேண்டாமா? பதினாறு வீட்டில் ஒருவருக்குக்கூட வாய் இல்லையா? கை தட்டினார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து தேசிங்கு சார் பண்ருட்டிக்குக் கிளம்பும்போது எங்கள் வீட்டுக்கு வந்தார். சாவியைக் கொடுக்க. படி ஏறவில்லை, கீழேயே நின்றார். நான்தான் இறங்கிப் போனேன். சாவியைச் சட்டை நுனியில் துடைத்தார். பிறகு கேட்டார்.

"அன்னிக்கு உங்க தெருவுல தண்ணி நின்னுச்சா பாப்பா?"

"நிக்கலை சார்."

"அப்ப சரி."

சாவியை என் கையில் வைத்தார். போகிறவர் போயிருக்கலாம். திரும்பினார்.

"ஏதாவது வேணும்னா டம்ளரை எடுத்து ஜன்னல் கம்பியில தட்டுவா. படுத்ததிலிருந்து அதான் அவ கூப்பிடற விதம். அன்னிக்குத் தட்டினாளா, இல்ல தூக்கத்துலயே போயிட்டாளான்னு தெரியல. நீ மாடியிலதான நின்ன. உனக்கு ஏதாவது கேட்டுச்சா?"

மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை சார் என்றேன். அப்போது அது பொய் இல்லை அக்கா. அந்த நிமிஷத்தில் அது பொய் இல்லை. தூக்கத்தில்தான் போயிருப்பாள் என்று அவரே சொல்லிக்கொண்டு போனார்.

மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, அந்தப் படத்தைப் போட்டேன். முதலில் மழை. பிறகு என் குரல். ஒரு நிமிஷம் நாற்பதாவது விநாடியில் ஆரம்பிக்கிறது. டங். கொஞ்சம் விட்டு இன்னொரு டங். அன்றைக்கும் அது என் காதில் விழுந்தது. இப்போது ஞாபகம் வருகிறது, நன்றாகவே விழுந்தது. தேசிங்கு சார் கடப்பாரையால் கல்லில் குத்துகிறார் என்று நினைத்திருக்கிறேன். அதைப் பற்றிப் பேசியும் இருக்கிறேன், படத்தில் இருக்கிறது: கேளுங்கள், ஒரு மனிதரின் உழைப்பின் சத்தம் இது என்று.

படத்தில் அவர் இரண்டு கையாலும் தென்னமட்டையை இழுத்துக்கொண்டிருக்கிறார். கடப்பாரை சுவரில் சாய்ந்திருக்கிறது.

மூன்றாவது நிமிஷத்தில் தட்டுகிற வேகம் கூடுகிறது. நான் அதற்கு மேல் குரலை உயர்த்திப் பேசுகிறேன். நாலாவது நிமிஷத்தில் என் குரல் மட்டும்தான் இருக்கிறது.

நூற்றுப் பதினாலு பேர் அதைப் பார்த்திருக்கிறார்கள். ஒருவருக்கும் கேட்கவில்லை. தேசிங்கு சாரிடம் போன் இருக்கிறது, அனுப்பியிருந்தால் ஒரு நிமிஷம். தூக்கத்தில் போயிருப்பாள் என்பதை அவர் நம்பிக்கொண்டிருக்கட்டும் என்றுதான் அனுப்பவில்லை. அவருக்காகத்தான்.

எங்கே தவறு என்று நான் கண்டுபிடித்துவிட்டேன். அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. தை மாதம் புதுக் குழாய் வாங்கினேன். ஒரு முனையைக் கம்பத்தில் கட்டிவிட்டு, ஒரு பொட்டுக் காற்று இல்லாமல் எடுத்துவிட்டு, நானே தனியாக மறுபடி அளந்தேன். மூன்று தடவை. அன்றைக்கு வைத்த குறி ஒரு சாண் கீழே இருந்தது. அந்தக் குமிழிதான். முனிரத்தினம் மேஸ்திரியைத் தேடிப்போய்க் கேட்டேன். குழாய்க்குள் ஒரு சாண் காற்று நின்றால் மட்டமும் ஒரு சாண் பொய் சொல்லும் பாப்பா, அன்னிக்கே சொன்னேனே என்றார். ஆக, என் வாதத்தில் பிழை இல்லை. நிபந்தனையில் பிழை இல்லை. ஒரு சாண் பிழை, அதுவும் குழாயில். அப்பாவிடம்கூட இதைச் சொன்னதில்லை, உங்களிடம்தான் முதல் தடவையாக ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு சாண் கூட்டினாலும் தண்ணீர் ரூமுக்குள் இரண்டடி வந்ததற்குக் கணக்கு உதைக்கிறதே என்று கேட்பீங்க. மீதித் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்பீங்க. அதை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆய்வேட்டை நிறுத்திவைத்துவிட்டு அதைத்தான் பார்க்கிறேன்.

வீட்டுக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. மூன்று கோட். முன்ரூமில் மட்டும் தண்ணீர் நின்ற கோடு மறுபடி மறுபடி மேலே வருகிறது, உப்புப் பூத்து. அது சுவரின் குணம், பேய் இல்லை. மழை பெய்தால் எனக்கு எங்கள் வீட்டிலேயே அந்தச் சத்தம் கேட்கிறது. அதுவும் பேய் இல்லை, காதின் பழக்கம். அம்மா சமையலறையில் டம்ளரைக் கீழே வைத்தாலே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, அதனால் எவர்சில்வர் டம்ளரையெல்லாம் மூட்டை கட்டிப் பரணில் ஏற்றிவிட்டேன். உங்களுக்குக்கூடப் பாருங்க, கண்ணாடிக் கிளாஸில்தான் தண்ணீர் கொடுத்தேன். அம்மாவுக்குக் கோபம். கல்யாணம் ஆகிப் போகிற வீட்டில் என்ன செய்வே என்கிறார்.

அந்த வீட்டில் ஆள் நடமாட்டம் வந்துவிட்டால் இதெல்லாம் நின்றுவிடும். அதனால்தான் வருகிறவர்களிடமெல்லாம் நல்ல வீடு, நல்ல வீடு என்று சொல்கிறேன். பேசிக்கொண்டே இருந்துவிட்டேன், உங்களைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. வீட்டில் யார் யார்?

நீங்க, சார். ஒரு பையனா, சரி. மாமியாருமா? நல்லதுதானே, பெரியவர் ஒருவர் இருந்தால் பையனுக்குத் துணை.

எப்போதிலிருந்து? தையிலிருந்தா? இடது பக்கம் முழுக்க வாதமா?

அதனால்தான் படியில்லாத வீடாகத் தேடுகிறீங்க. அந்த முன்ரூமில் ஜன்னல் ஓரமாகக் கட்டில் போட்டால் அவருக்கும் பொழுது போகும் என்று. இந்தத் தெருவிலேயே படியில்லாத வீடு அது ஒன்றுதான் என்று புரோக்கர் சொன்னாரா? சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

இல்லை, எனக்கு ஒன்றும் இல்லை. இருங்க.

அக்கா, ஒன்பதாம் நம்பரில் கீழ்வீடு இந்த மாசக் கடைசியில் காலியாகிறது. அதற்கு ஆறு படி, எனக்குத் தெரியும். சக்கர நாற்காலி ஏறாது, அதுவும் தெரியும். நீங்க சொல்வதெல்லாம் சரி. நான் எதிர்த்துப் பேசவில்லை. ஒரு தடவை நான் சொல்வதை மட்டும் கேளுங்க. அதை எடுத்துக்கோங்க. அத்தையைத் தூக்கிக்கொண்டு ஏறுவோம். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா, தூக்கி இறக்குவோம். வெயில் காய வேண்டுமா, தூக்கி இறக்குவோம். தினமும் வேண்டுமானாலும் தினமும். சார் வேலைக்குப் போயிருந்தால் எனக்கு ஒரு போன் போடுங்க, போன் கையில் இல்லையென்றால் எதையாவது எடுத்துத் தட்டுங்க, நான் வந்துவிடுவேன். நீங்க ஒரு பக்கம் பிடிங்க, நான் ஒரு பக்கம் பிடிக்கிறேன். ஆறே படி. ரெண்டு பேர் பிடித்தால் ஒரு நிமிஷம்கூட ஆகாது அக்கா.